வேலாங்குளம் விலக்கில் ரோடு நின்ன அன்னைக்கு

வேலாங்குளம் விலக்கில் ரோட்டைத் தாண்டுவதற்கென்று தனியாக ஒரு பொறுமை வேண்டும். முருகம்மாளுக்கு அது பிறந்ததிலிருந்தே கிடையாது. இருந்தாலும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தாண்டித்தான் ஆக வேண்டும். இந்தப் பக்கம் காலனி, அவள் வீடு. அந்தப் பக்கம் திருநகரை ஒட்டின தெருக்கள், அவள் சமையல் வேலை பார்க்கிற வீடு, பள்ளிக்கூடம், ரேசன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம். நடுவில் திருமங்கலம் ரோடு. காலனிக்குப் பாதை பிரிகிற இடம்தான் விலக்கு.

நாலு வழி போடுகிறோம் என்று வந்தவர்கள் நாலையும் வண்டிக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மனுசன் நடக்க ஒரு வழி வைக்கவில்லை. நடுவில் நீளத்துக்கு ஒரு சுவர். அதில் காலனி ஆட்கள் கடப்பாரை போட்டு அகலமாக ஒரு சந்து உடைத்து வைத்திருந்தார்கள். பாதி ரோட்டை ஓடிக் கடந்து அந்தச் சந்தில் ஒண்டிக்கொள்ள வேண்டும். அப்புறம் மறுபாதிக்கு மறுபடி காத்துக் கிடக்க வேண்டும். கப்பலூர் லாரி, திருநெல்வேலி பஸ், கார், ஷேர் ஆட்டோ என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். ஒருத்தனாவது கொஞ்சம் மிதிப்போம் என்று பிரேக்கில் கால் வைப்பானா? வைக்க மாட்டான். ஹாரனில்தான் கை வைப்பான்.

தை மாசக் கடைசியில் அவள் மகள் தமிழ்வாணியை ஒரு ஷேர் ஆட்டோக்காரன் தட்டிவிட்டுப் போனான். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. பின் சக்கரத்தில் இடித்ததால் பிள்ளைக்கு முட்டித் தோல் பெயர்ந்து, கை வீங்கியதோடு போயிற்று. சைக்கிளின் பின் வளையம் மட்டும் நெளிந்து எட்டு மாதிரி ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்த அவள் புருசன் சிவபாண்டி முதலில் பார்த்தது அந்தச் சைக்கிளைத்தான். கொத்தனார் ஆள், நாலு மாடிச் சாரத்தில் நின்று வேலை பார்க்கிறவன், வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் சொல்லிவிட்டான். "அந்த ரோட்டுக்கு ஒரு வழி வரட்டும். வந்தப்புறம் இவ பள்ளிக்கூடம் போகட்டும். படிப்பு எங்கயும் ஓடிப் போயிராது."

"பரிச்சை ஓடிப் போயிருமேய்யா" என்றாள் முருகம்மாள்.

"பிள்ளையா பரிச்சையா?"

நீ கூட்டிட்டுப் போய் விடுய்யா என்றால், அவன் வேலைக்கு விடிய முன்னாடி கிளம்பி டிவிஎஸ்ஸில் பழங்காநத்தம் பக்கம் போகிறவன். பிள்ளை வீட்டிலேயே கிடந்தது. புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுப்படியில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வேலை பார்க்கிற வீட்டம்மா ராதாமணியிடம் சொல்லி அழுதாள். ராதாமணி கல்யாணம், சீமந்தம் என்று வருகிற ஆர்டருக்கு வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவள். அவள் போடுகிற புளியோதரைக்கும் கீரை வடைக்கும் நெசவாளர் காலனியையும் தாண்டி ஆள் வரும். அன்றைக்கு ரெண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அழாத முருகம்மா. எங்க வீட்டுக்காரர் மனு மேல மனு போட்டது வீண் போகல. ஞாயித்துக்கிழமை எஞ்சினியர் வாராரு, உங்க காலனிக்கே. பிளான் எல்லாம் போட்டாச்சாம்."

"நெசமாவாக்கா?"

"அவரையே கேளேன்."

ராதாமணியின் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன் கைத்தறிச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். சட்டைப் பையில் ரெண்டு பேனா வைத்திருப்பார். தினமும் ரோட்டோரம் நின்று எத்தனை சைக்கிள், எத்தனை ஆள் என்று எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பலபேர் அவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

"வருதும்மா. உறுதியா வருது" என்றார். "ஆனா உங்க பக்கத்து ஜனங்க ஒத்துக்கணும். அவங்க சம்மதம் இல்லாம ரோட்டு ஆபீஸ்ல கை வைக்க மாட்டாங்க."

முருகம்மாள் சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க சார். யாராச்சும் வேணாம்னா சொல்லுவாங்க?"

தெரியாமல்தான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் கூட்டம். மாசி வெயில் தகரத்தில் இறங்கி உள்ளே எல்லோரையும் வேகவைத்தது. எஞ்சினியர் விக்ரம் சின்னப் பையன். கல்யாணம் ஆகியிருக்காது. பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, சட்டை முதுகெல்லாம் நனைந்து நின்றான். ஆம்பளைகள் நாற்காலியில். பொம்பளைகள் பின்னால் பாயில். காலனித் தலைவர் கண்ணுச்சாமி மைக்கை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தார்.

"ரெண்டு யோசனை இருக்குங்கய்யா" என்றான் விக்ரம். "ஒண்ணு, மேல போற நடைபாலம். இன்னொண்ணு சப்வே. ரோட்டுக்குக் கீழ வழி. அதுக்குப் படி கிடையாது. ரெண்டு பக்கமும் சரிவு. சைக்கிளை இறங்கி உருட்டிக்கிட்டே போயிரலாம். வயசானவங்க, பிள்ளைங்க, எல்லாருக்கும் சௌகரியம். உள்ள லைட்டு இருக்கும்."

முருகம்மாள் பக்கத்து வீட்டு முத்துத்தாயின் தொடையைக் கிள்ளினாள். "ரெண்டாவதுதான்க்கா நமக்கு."

கண்ணுச்சாமி மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பாலம்னா படி ஏறணும்ல தம்பி?"

"ஆமாங்கய்யா."

"அப்ப பாடை எப்படி ஏறும்?"

விக்ரமுக்குப் புரியவில்லை. "பாடைங்களா?"

"ஆமா. எங்க சுடுகாடு அந்தப் பக்கம்ல இருக்கு. சிவபாண்டி, நீ சொல்லுப்பா. கட்டுறவன் நீதான்."

சிவபாண்டி எழுந்தான். காலனியில் எழவு விழுந்தால் முதலில் ஆள் போவது அவனிடம்தான். மூங்கில் வெட்டி, பச்சை ஓலை முடைந்து, பாடை கட்டி, பூச் சாத்தி, முன்கம்பில் தோள் கொடுத்துச் சுடுகாடு சேர்க்கிற வரைக்கும் அவன் பொறுப்பு. அவன் கட்டின பாடை ஒரு தடவைகூட ஆடினதில்லை, சரிந்ததில்லை.

"முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு தூக்குறோம்னு வைங்க" என்றான். "படி ஏறுனா பின்னாலுள்ளவன் மேல பாரம் பூரா இறங்கும். பொணம் சரிஞ்சு வந்து அவன் மூஞ்சியில இடிக்கும். நடுவுல படி திரும்புற எடத்துல கம்பு திரும்பாது. நட்டுக்க நிறுத்தித்தான் திருப்பணும். பொணத்த நட்டுக்க நிறுத்துவாங்களா சார்? நீங்களே சொல்லுங்க."

கூட்டம் கை தட்டியது. தன் புருசன் சபையில் இம்புட்டுத் தெளிவாகப் பேசுவான் என்று முருகம்மாளுக்கே தெரியாது. ஒரு நிமிசம் பெருமையாகக்கூட இருந்தது. போகட்டும், பாலம் வேண்டாம். சப்வே இருக்கிறதே.

"சரிங்கய்யா, பாலம் வேணாம். சப்வேல அந்தப் பிரச்சினையே இல்லை" என்றான் விக்ரம்.

முன் வரிசையில் இருந்த கிழவர் பேயாண்டி கம்பைத் தரையில் ஊன்றி எழுந்தார். "என்ன பிரச்சினை இல்லை? செத்தவன ரோட்டுக்கு அடியில கொண்டு போவீகளோ? அவன் நெஞ்சுக்கு மேல லாரி ஓடணுமோ? ஏண்டா, உசுரோட இருக்கையில ஏறி மிதிச்சது பத்தாதுன்னு செத்தப்புறமும் மிதிக்கணுமாடா? என்னைய அந்தப் பொந்துக்குள்ள கொண்டு போனீங்க, பாடையிலருந்து எந்திரிச்சு வந்துருவேன். சொல்லிட்டேன்."

கூடம் சிரித்தது. ஆனால் கிழவர் சிரிக்கவில்லை. கண்ணுச்சாமியும் சிரிக்கவில்லை. பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாற்றித் தூக்க வேண்டும், அது ஆகாசத்தைப் பார்த்து இறக்குகிற சடங்கு, சிமெண்டுக் குழிக்குள் எப்படி இறக்குவது என்று ஒருத்தன் ஆரம்பித்தான். மழை பெய்தால் தண்ணீர் நிற்குமே, பொணம் மிதந்து போகுமே என்று இன்னொருத்தன். மோட்டார் வைத்து எடுப்போம் என்றான் விக்ரம். கரண்டு போய்விட்டால்? ஜெனரேட்டர். அதுக்கு டீசல் யார் ஊற்றுவது? பேச்சு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ராதாகிருஷ்ணன் கையைத் தூக்கினார். "நான் ஒரு வார்த்தை சொல்றேன். பொணம் எப்பவோ ஒண்ணு போகுது. பிள்ளைங்க தினமும் போகுது. நான் எண்ணி வச்சிருக்கேன்..."

"சார், உங்க ஆளுகளுக்குச் சுடுகாடு உங்க பக்கமே இருக்கு" என்றார் கண்ணுச்சாமி. "நீங்க எண்ணலாம்."

மனுசர் அப்படியே வாடிப்போனார். உட்கார்ந்து, பின்னால் பாயில் இருந்த ராதாமணி பக்கம் திரும்பி, வீட்டுக்குள் அவர்கள் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில் ஏதோ முணுமுணுத்தார். அத்தனை வருசம் அந்த அடுப்படியில் இருந்த முருகம்மாளுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே நன்றாக இல்லை.

அவள் எழுந்து நின்றாள். "நான் ஒண்ணு கேக்கணும்."

"இரு தாயி, ஆம்பளையாளுக பேசி முடிக்கட்டும்" என்றார் கண்ணுச்சாமி.

அவர்கள் முடிக்கவே இல்லை. டீ வந்தது, வடை வந்தது. ராதாமணி கொண்டுவந்த வடைதான். அதைத் தின்றுகொண்டே பேசினார்கள். விக்ரம் படத்தைச் சுருட்டினான். "நீங்க பேசி ஒரு முடிவை செயலாளர் சார்கிட்டச் சொல்லிருங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லேன்னா அடுத்த ஸ்டாப்காரங்க கேக்குறாங்க. அங்க போயிரும்."

அன்றைக்கு வீட்டில் முருகம்மாள் சோற்றைத் தட்டில் போடவில்லை, எறிந்தாள்.

"மகளுக்கு வழி வந்தாத்தான் பள்ளிக்கூடம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"வந்த வழிய அடச்சது யாரு?"

சிவபாண்டி ரசத்தைப் பிசைந்தான். "அது வேற, இது வேறடி. ஊர்க் காரியம்."

"என்ன ஊர்க் காரியம்? பேயாண்டி மாமா செத்தப்புறம் எந்த வழியா போகணும்னு ஊரே உக்காந்து பேசுது. என் மக உசுரோட எந்த வழியா போகணும்னு ஒருத்தன் பேசல. நீ பேசுனியா? பெத்த அப்பன்தான நீயி?"

"ஏய், கத்தாத. ரோட்டுல எப்படி இறங்கணும்னு உங்களுக்குத் தெரியல, அதான் விசயமே. பயந்து பயந்து ஓடுறீங்க. ஓடுனா அடிப்பான். நான் இறங்குறேன்ல? கையை நீட்டிட்டு நிமிந்து நடப்பேன். ஒருத்தன் ஹாரன் அடிச்சிருக்கானா? திருநெல்வேலி பஸ்ஸே நிக்கும்."

"அம்புட்டுப் பெரிய ஆளா நீயி."

"இல்லியா பின்ன?"

தமிழ்வாணி அடுப்படியிலிருந்து மெதுவாகச் சொன்னாள். "அப்பா, வாற புதன்கிழமை பிராக்டிகல். அதுக்குப் போகலேன்னா மெயின் பரிச்சை எழுத முடியாது. டீச்சர் போன் பண்ணுனாங்க."

சிவபாண்டி சாப்பிடுவதை நிறுத்தினான். அவனுக்கும் பிள்ளை மேல் ஆசை இல்லாமல் இல்லை. பயம்தான். நெளிந்த அந்த வளையத்தை அவன் இன்னும் கடையில் கொடுத்துத் தட்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தான்.

"புதன்கிழமை நானே வண்டியில சுத்திக் கூட்டிட்டுப் போறேன். போதுமா?" என்றான்.

போதும் என்றுதான் முருகம்மாளும் நினைத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பேயாண்டி போய்ச் சேர்ந்துவிட்டார். காப்பி குடித்துக்கொண்டு இருந்தவர்தான், டம்ளரோடு சாய்ந்துவிட்டார். நல்ல சாவு. ஆனால் பார்த்து அன்றைக்கா சாக வேண்டும்?

புதன்கிழமை விடிந்ததும் சிவபாண்டி டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு மூங்கிலுக்கும் ஓலைக்கும் போய்விட்டான். வந்ததும் எழவு வீட்டு வாசலில் பாடை கட்ட உட்கார்ந்துவிட்டான். முருகம்மாள் போய் நின்றாள்.

"பிள்ளைக்குப் பிராக்டிகல்யா. நேரமாகுது."

"பாத்துட்டுத்தான இருக்க? இத முடிச்சு எடுத்துப் போட்டுட்டு வாரேன். மத்தியானம் பரிச்சை வைக்க மாட்டாங்களாமா?"

"உன் வசதிக்கு வைப்பாங்க."

அவள் வந்து மகள் கையைப் பிடித்தாள். பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கினாள். ரோட்டைத் தாண்டிவிட்டால் ஏறி மிதிக்கலாம், நேரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கு. சீருடையும் ரெட்டைச் சடையுமாகப் பிள்ளை பின்னாலேயே வந்தது. எழவுத் தெருவைச் சுற்றிக்கொண்டு ரோட்டு விளிம்பில் வந்து நின்றார்கள்.

முகூர்த்த நாள் வேறு. கார் மேல் கார், வேன் மேல் வேன். திருப்பரங்குன்றத்துக் கல்யாணங்களுக்குப் போகிறவனெல்லாம் அந்த ரோட்டில்தான் போனான். ரெண்டு தடவை இறங்கினாள், ரெண்டு தடவையும் பின்வாங்கினாள். தனியாக இருந்தால் ஓடியிருப்பாள். மகளை வைத்துக்கொண்டு காலே வரவில்லை. அவர்களைப் போலவே இன்னும் நாலைந்து பிள்ளைகள், வேலைக்குப் போகிற பொம்பளைகள், ஒரு பால்காரர், எல்லோரும் வெயிலில் நின்றார்கள்.

"அம்மா, நேரமாச்சும்மா" என்றது பிள்ளை.

அப்போதுதான் பின்னால் கொட்டுச் சத்தம் வந்தது. வேட்டுப் போட்டார்கள். பாடை தெருமுக்குக்கு வந்தது. பொம்பளைகள் அதுவரைக்கும்தான் வரலாம். மாரில் அடித்துக்கொண்டு அங்கேயே நின்று, திரும்பிவிட்டார்கள். முன்கம்பில் சிவபாண்டி. பேயாண்டி மாலைக்குள் மூக்கு மட்டும் தெரியப் போய்க்கொண்டிருந்தார். கொட்டுக்காரர்கள் ரோட்டில் இறங்கினார்கள்.

ரோடு நின்றது.

முருகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் ஒரு லாரி நின்றது. அப்புறம் பஸ், அப்புறம் கல்யாண வேன். பஸ்காரன் இஞ்சினையே அணைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். வேனுக்குள் இருந்தவர்கள் நல்ல சகுனம் என்று எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். எந்த ஹாரனும் இல்லை. அத்தனை வருசமாக அவள் தினமும் சாமி கும்பிட்டுக்கொண்டு ஓடுகிற ரோடு, வெறிச்சென்று கிடந்தது.

"அடப் பாவிகளா" என்றாள். வாய்விட்டே சொன்னாள். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. சைக்கிளை ஒரு கையில், மகளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் இறங்கிவிட்டாள்.

தெருமுக்கிலிருந்து முத்துத்தாய் கத்தினாள். "ஏ முருகம்மா! சுடுகாட்டுக்குப் பொம்பளையாளு போகக்கூடாதுடி!"

"நான் சுடுகாட்டுக்குப் போகலக்கா. பள்ளிக்கூடத்துக்குப் போறேன்."

"பரிச்சைக்குப் போற பிள்ளைய எழவுக்குப் பின்னால கூட்டிட்டுப் போறியே!"

"பின்ன யாருக்குப் பின்னால போகச் சொல்ற? உசுரோட இருக்கவன் எவன் வழி விட்டான்?"

அவள் இறங்கியதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் இறங்கின. வேலைக்குப் போகிற பொம்பளைகள் இறங்கினார்கள். பால்காரர் கேனோடு இறங்கினார். பாடைக்குப் பின்னால் சைக்கிளும் புத்தகப்பையும் டிபன் வாளியுமாக ஒரு கூட்டம் போனது. ஆம்பளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்து வைதார்கள். சிவபாண்டியும் திரும்பிப் பார்த்தான். தோளில் கம்பு இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை.

நடுச்சுவர்ச் சந்தில் வழக்கம்போல் பாடையை இறக்கினார்கள். தலைமாற்றித் தூக்க வேண்டும். கம்பு தோளை விட்டதும் சிவபாண்டி பாய்ந்தான்.

"கிறுக்குப் பிடிச்சுப் போச்சாடி உனக்கு? ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். நீயும் நல்லாப் பாரு" என்றாள் முருகம்மாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, குரல் மட்டும் உடையவில்லை. "ரெண்டு பக்கமும் பாருய்யா. எம்புட்டு வண்டி நிக்குது. பேயாண்டி மாமாவுக்கு மேலயும் வழி வேணாம், கீழயும் வழி வேணாம். அவருக்கு ரோடே நிக்குது. செத்தா எல்லாருக்கும் நிக்கும். இவளுக்கு நிக்காது. இப்பச் சொல்லு, வழி யாருக்கு வேணும்? பொணத்துக்கா, பிள்ளைக்கா?"

சிவபாண்டி ரெண்டு பக்கமும் பார்த்தான். கண்ணுச்சாமி துண்டை ஆட்டி, "ஏப்பா, தூக்குங்கப்பா, வெயில் ஏறுது" என்றார். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பாடை எழுந்தது. அதன் பின்னாலேயே மறுபாதி ரோட்டையும் தாண்டி, முருகம்மாள் மகளைச் சைக்கிளில் ஏற்றிவிட்டாள். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் மிதித்தது. பாடை சுடுகாட்டு மண்பாதையில் இறங்கியதும், நின்றிருந்த வண்டியெல்லாம் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு புறப்பட்டது.

எழவுக்குப் பின்னால் வந்தவள் அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போகக்கூடாது. ராதாமணிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்து வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பசித்தது. ஒரு கடையில் டீயும் பன்னும் வாங்கித் தின்றாள். மத்தியானம் தாண்டி சிவபாண்டி வந்து நின்றான். சுடுகாட்டுப் பம்புசெட்டில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்திருந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள். அடிக்கவில்லை. மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டான்.

பிள்ளை வெளியே வந்தது. அப்பனைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"எழுதுனியா?" என்றான்.

"செஞ்சேம்பா. உப்பு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. சரியா வந்துச்சு."

"சரி வா, போவோம்."

மூன்று பேரும் ரோட்டுக்கு வந்தார்கள். வண்டிகள் காலையில் விட்ட நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"என் பின்னாலயே வாங்க" என்று சிவபாண்டி இறங்கினான். கையை நீட்டினான். நிமிர்ந்து ரெண்டு எட்டு வைத்தான். வந்த கார் ஒதுங்கக்கூட இல்லை. ஹாரன் அலறியதில் துள்ளிப் பின்னால் வந்தான். வேட்டி அவிழ்ந்தது. கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினான். இந்தத் தடவை திருநெல்வேலி பஸ். அவன் மூக்குக்கு நேராகக் காற்றடித்துக்கொண்டு போனது. கண்டக்டர் படிக்கட்டிலிருந்து தலையை நீட்டி, "சாகுறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதாய்யா?" என்று கத்திக்கொண்டே போனான்.

முருகம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். உதடெல்லாம் வெளுத்து, கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தான். கையை மடக்கக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு.

ஒரு லாரிக்கும் அடுத்த வேனுக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. "இப்ப" என்று சொல்லி அவள் ஒரு கையால் மகளையும் சைக்கிளையும், ஒரு கையால் அவனையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். சந்தில் போய் ஒண்டினார்கள். காலையில் பாடையை இறக்கின இடத்தில் செவ்வந்திப் பூ நசுங்கிக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் லாரிகள் போகப் போகச் சுவரே அதிர்ந்தது.

"எனக்குத்தான் நிக்குதுன்னு நெனச்சேன்டி" என்றான் சிவபாண்டி. "இம்புட்டு வருசமா. தோள்ல இருந்த பாடைக்கு நின்னுருக்கு."

அவள் அவன் கையை விடவில்லை. மறுபாதியையும் அதேமாதிரி இழுத்துக்கொண்டுதான் ஓடினாள்.

இந்தப் பக்கம் வந்ததும் அவன் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தான். ராதாகிருஷ்ணன் நம்பரைத் தமிழ்வாணி போட்டுக் கொடுத்தது.

"சார், வணக்கம். வேலாங்குளத்துலருந்து சிவபாண்டி பேசுறேன். பாடை கட்டுற சிவபாண்டி... ஆமா சார். அந்தத் தம்பிகிட்டச் சொல்லிருங்க. கீழ தோண்டச் சொல்லிருங்க... இல்ல சார், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கண்ணுச்சாமி அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன். ஒத்துக்கலேன்னா இன்னிமே அவுகளே பாடை கட்டிக்கிடட்டும்... பொணமா? பொணம் ரோட்டு மேலயே போய்க்கிடும் சார். அதுக்குத்தான் எல்லாப் பயலும் நிக்கிறான்ல. கீழ எங்களுக்கு."

மறுமுனையில் ராதாகிருஷ்ணன் ரொம்ப நேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்னவாம்?" என்றாள் முருகம்மாள்.

"சொல்லிருதாராம். ஆனா வேலை முடிய ரெண்டு வருசம் ஆகுமாம்."

பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. வழி வந்தப்புறம்தான் பள்ளிக்கூடம் என்று சொன்னவன் அவன்தானே. ரெண்டு வருசத்தில் எந்தப் பரிச்சை இவளுக்காக உட்கார்ந்திருக்கும்? முருகம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறக்கத் தயாராக நின்றாள்.

சிவபாண்டி ஈர வேட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தான். ரோட்டைப் பார்த்தபடி, யாரையோ கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"நாளைக்கு இவளுக்குப் பள்ளிக்கூடம் எத்தன மணிக்கு?"

"பெத்து இம்புட்டு வருசம் ஆச்சு" என்றாள் முருகம்மாள். "இன்னைக்குத்தான் கேக்கத் தோணுதாக்கும்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி. நான் வேலைக்குப் பிந்திப் போவேன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லணும்."